திருப்பத்தில் தெரியும் நீளம்

நங்கநல்லூர் ஆஞ்சநேயர் சிலை 32 அடி உயரம்; ஒரே கல். படுக்கவைத்தால் 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிரெய்லர் இல்லாத தனி லாரிக்கு நம் சட்டம் அனுமதிக்கும் நீளம் 12 மீட்டர். எடையை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் பார்த்தால், அத்தனை பெரிய அனுமாரும் விதிக்குள் ஏறக்குறைய அடங்கிவிடுவார்.

இதைப்போல் இருமடங்கு நீளமான கல் ஒன்று 2018 டிசம்பரில் வந்தவாசி அருகே உள்ள கொரக்கோட்டையிலிருந்து பெங்களூரு ஈஜிபுரா கோதண்டராமசாமி கோயிலுக்குப் புறப்பட்டது. பெருமாள் சிலைக்கான அந்தக் கல்லின் நீளம் 64 அடி, அகலம் 26 அடி, எடை சுமார் 350 டன். லாரிக்காரர்கள் ஓரிரவில் கடக்கும் தூரம்தான். கல் போய்ச் சேர்ந்தபோது 2019 ஜூன் ஆகிவிட்டது.

வண்டியின் நீள அகலங்களை வரையறுப்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதன் 93ஆம் விதிப்படி அகலம் 2.6 மீட்டர். இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 18 மீட்டரை ஒட்டிய நீளம். 2020இல் வந்த திருத்தம், பல டிரெய்லர்களைக் கோத்த சாலை ரயிலுக்கு மட்டும் 25.25 மீட்டர் வரை இடம் தந்தது.

நேர்சாலையில் நீளம் பெரிய தொல்லை இல்லை. திரும்பும்போதுதான் சிக்கல். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக ஒதுங்கும். இணைப்பிலிருந்து பின் அச்சு 7 மீட்டர் தள்ளியிருக்கும் டிரெய்லரை, 15 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் தொடர்ந்து இழுத்தால், பின்பக்கம் சுமார் 1.7 மீட்டர் உள்ளே வெட்டும். அச்சை 10 மீட்டருக்குத் தள்ளினால் அது 3.8 மீட்டர்! நீளம் ஒன்றரை மடங்குகூடக் கூடவில்லை. விழுங்கும் இடமோ இரட்டிப்புக்கு மேல். மூலைக்கடையின் படிக்கட்டும் மின்கம்பமும் அடிபடுவது இதனால்தான்.

இதற்கு விடைதான் ஹைட்ராலிக் டிரெய்லர். அதில் ஒவ்வொரு அச்சும் தனித்தனியே திரும்பும். மேடுபள்ளத்தில் எண்ணெய் அழுத்தம் சுமையைச் சக்கரங்களுக்குச் சமமாகப் பங்கிடும். பெங்களூருக்குக் கல் போன வண்டிக்கு 240 சக்கரங்கள். கல்லின் எடையை மட்டும் வகுத்தால் சக்கரத்துக்கு ஒன்றரை டன்கூட வராது. சாலையில் எடைக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் இருவழிச் சாலையின் தார்ப்பரப்பே வழக்கமாக 7 மீட்டர். கல்லோ 8 மீட்டர் அகலம். செஞ்சியில் வாரக்கணக்கில் நின்றது. வழியில் கடைகளும் வீடுகளும் இடிக்கப்பட்டன. பாலம் தாங்காது என்ற இடங்களில் ஆற்றுக்குள் மண்பாதை போட்டார்கள்.

அமெரிக்காவில் நீளத்தின் தொல்லை வேறு வடிவில் வருகிறது. காரவன் இழுத்துச் சுற்றுலா போகிறவர்கள் மாநிலந்தோறும் விதியைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் வண்டியும் டிரெய்லரும் சேர்த்துப் பொதுவாக 65 அடி. வேறு மாநிலத்தில் வேறு அளவு. இங்கே மோட்டார் வாகனம் மத்திய, மாநில அரசுகளின் பொதுப்பட்டியலில் இருந்தாலும், வண்டியின் அளவை நிர்ணயிப்பது மத்திய விதி. மாநில எல்லையில் ஓசூரைத் தாண்டினாலும் அந்த அளவு மாறாது. அளவு மீறிய ஓ.டி.சி. சரக்குக்குத் தனி அனுமதி வேண்டும்.

அனுமதிச் சீட்டு சாலையை அகலப்படுத்தாது. காற்றாலை இறகு ஏற்றுகிறவர்கள் வண்டி எடுக்கும் முன்பே ரூட் சர்வே செய்து, திருப்பம், பாலம், மின்கம்பி என ஒவ்வொன்றாக அளப்பது அதனால்தான். நாளை நங்கநல்லூர்வாசி ஒருவர் காரவன் வாங்கினாலும் இதுவே முறை: விதிப்புத்தகத்தில் 18 மீட்டரைப் பார்த்தபின், டேப்போடு பழவந்தாங்கல் சுரங்கப்பாதைக்கும் தன் தெருமுனைக்கும் போக வேண்டும்.