உங்களுக்குத் தெரியுமா? இன்று கடன், எட்டாம் நாள் ரொக்கம்!

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பீட்சாவைக் கடனுக்கு விற்றார்கள். இன்று சாப்பிடலாம், காசை எட்டு நாளுக்குள் கொடுத்தால் போதும்!

● அந்தப் பீட்சா அடுப்பில் சுட்டதல்ல, எண்ணெயில் பொரித்தது. பெயர் 'பீட்சா ஃப்ரித்தா'. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் விறகடுப்பும் மொட்சரெல்லா சீஸும் ஏழைக்கு எட்டாதவை. மாவும் ஒரு சட்டி எண்ணெயும் இருந்தால் வீட்டு வாசலே கடை. பெரும்பாலும் பொரித்தவர்கள் பெண்கள்.

● மாவை வட்டமாக இழுத்து, நடுவே ரிக்கோட்டா சீஸ், பன்றிக்கொழுப்பை உருக்கியபின் மிஞ்சும் மொறுமொறுத் துண்டுகள், தாராளமாக மிளகுத்தூள். சோமாசி போல மடித்து ஓரத்தை அழுத்தி எண்ணெயில் விட்டு, மேலேயும் கரண்டியால் சூடான எண்ணெயை மொண்டு ஊற்றுகிறார்கள். புஸ்ஸென்று உப்பியதும் காகிதத்தில் சுற்றிக் கையில் தருவார்கள். முதல் கடியில் ஆவி நாக்கைப் பொசுக்கும், அவசரப்படாதீர்கள்!

● விட்டோரியோ டி சிக்கா இயக்கிய 'நேப்பிள்ஸின் தங்கம்' (1954) படத்தில் இந்தக் கடன் பீட்சாவை விற்பவளாக நடித்தவர் சோஃபியா லோரன். அந்தப் பீட்சாக்காரியின் மரகத மோதிரம் காணாமல் போகிறது. மாவுக்குள் விழுந்திருக்குமோ என்று கணவர் வாடிக்கையாளர் வீடுகளுக்கெல்லாம் ஓடுகிறார். உண்மையில் அது இருந்தது அவளுடைய காதலன் வீட்டில்!

● சுட்ட பீட்சாவிலும் நேப்பிள்ஸில் மலிவு ரகம் உண்டு. நான்காக மடித்துக் கொடுப்பார்கள். தட்டு, மேசை எதுவும் வேண்டாம், நடந்துகொண்டே தின்னலாம்.