பிடிவாதக்காரப் போல்ட்டு

பிடிவாதத்துக்குப் பெயர் பெற்றவை உலகத்தில் பல உண்டு. உடும்பைச் சொல்வார்கள், முதலையைச் சொல்வார்கள், பள்ளிக்கூடங்களில் கடைசி பெஞ்சிக்காரர்களைச் சொல்வது வழக்கம். இருபது வருஷமாக உபாத்தியாயர் தொழில் செய்து வரும் நான் இவையெல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால், பல காலம் உப்பு நீர் குடித்து, அலுமினியத்துக்குள் இறுகிக் கிடக்கும் ஓர் எஃகுப் போல்ட்டுக்கு முன்னால் இவை யாவும் சாது ஜீவன்களே என்பது என் அனுபவம்.

அந்தப் போல்ட்டு இருந்தது என் தகப்பனாரின் மோட்டார் சைக்கிளில்.

தகப்பனார் நாகப்பட்டினத்தில் கால்நடை வைத்தியராக இருந்தவர். 1983-ம் வருஷத்தில் அவர் ஒரு பழைய 'புல்லட்' வண்டியை வாங்கினார். 1967-ம் வருஷத்து வண்டி அது. வேளாங்கண்ணி, திருப்பூண்டி முதலிய ஊர்களில் எந்த வீட்டில் பசு கன்று போட முடியாமல் தவித்தாலும், நடுநிசியில்கூட அந்த வண்டியின் 'டப், டப்' என்ற ஓசை கேட்கும். ஓசை கேட்டதுமே பசுவுக்குப் பாதி குணம் ஆகிவிடும் என்று கிராமத்தார் சொல்லுவார்கள்.

அந்த வண்டியின் பூர்வோத்தரமும் ருசிகரமானது. அதன் மூதாதைகள் பிறந்தது இங்கிலாந்தில், ரெட்டிச் என்ற ஊரில். நமது ராணுவத்தின் எல்லைக் காவலுக்கு இந்த வண்டியே தகுந்தது என்று தீர்மானமானதையொட்டி, 1955-ம் வருஷத்தில் மதராஸில் 'என்பீல்டு இந்தியா' ஸ்தாபனம் ஏற்பட்டது. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்தன. திருவொற்றியூரில் அவற்றைப் பூட்டி வண்டியாக்கினார்கள். பிறகு உறுப்புகளையே இங்கே செய்யலானார்கள். 1970-ஐ ஒட்டித் தாய் நாட்டில் உற்பத்தி நின்றுபோயிற்று. வந்த இடத்திலோ வம்சம் தழைத்தது. எனினும் பழைய வண்டிகளில் பிறந்த வீட்டுப் பழக்கம் போகவில்லை. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நட்டுகளெல்லாம் பிரிட்டிஷ் அளவு.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் எங்கள் தெருவுக்கு வந்தது. அன்று எங்கள் ஜில்லா இழந்த உயிர்களைப் பற்றி இங்கே எழுத என் பேனாவுக்குத் திராணி இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் தப்பினோம். மோட்டார் சைக்கிள் மாத்திரம் சேற்றில் சாய்ந்து கிடந்தது. நல்ல தண்ணீர் கிடைத்த முதல் நாளே தகப்பனார் அதைக் கழுவினார். எஞ்சின் எண்ணெயை இரண்டு தடவை வடித்து மாற்றினார். வண்டியும் விசுவாசத்துடன் மூன்று வருஷம் ஓடிற்று. வெளியிலிருந்த உப்பை அவர் போக்கிவிட்டார். துவாரங்களுக்குள் தங்கிய உப்பை யார் கண்டது?

2007-ல் அவருக்குக் கால் தளர்ந்தது. வண்டி மாட்டுக் கொட்டகையில் நின்றது. 2011-ல் அவர் காலமானார். அதன் பிறகும் வண்டி அங்கேயே நின்றது.

சுத்தியலின் பிரதாபம்

சென்ற வருஷக் கோடை விடுமுறையில், பத்தாம் வகுப்பு முடித்த என் பெண், "அப்பா! தாத்தா வண்டியை நாம் ஓட்ட வைக்கலாமா?" என்றாள். நானும் உற்சாகமாக இறங்கினேன்.

இந்த வண்டியில் எஞ்சினுக்கு அடியில் தாங்கும் குழாய் கிடையாது. முன்னாலிருந்து இறங்கும் குழாய் எஞ்சினின் நெற்றியோடு நின்றுவிடும். எஞ்சினே சட்டத்தின் ஓர் அங்கமாக நின்று முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கிறது. ஆகையால் எஞ்சினை இறக்காமல் சட்டத்தைச் செப்பனிட முடியாது. எஞ்சினை இறக்க வேண்டுமானால், முன்புறத்தில் இரண்டு இரும்புத் தகடுகளையும் 'கிராங்க் கேஸ்' என்னும் அலுமினியக் கூட்டையும் ஊடுருவிச் செல்லும் போல்ட்டை உருவியாக வேண்டும். அந்தப் போல்ட்டுக்குத் தலை கிடையாது. இரு முனையிலும் மரை, மரைக்கு ஒரு நட்டு.

கடையில் வாங்கிய மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டித் திருகினேன். அது வழுக்கி, நட்டின் முனைகளை மழுக்கப் பார்த்தது. தகப்பனாரின் பையில் கிடந்த பழைய ஸ்பானர் கச்சிதமாகப் பொருந்திற்று. பழைய விட்வொர்த் ஸ்பானர்களில் பொறித்திருக்கும் எண் நட்டின் அகலத்தைக் குறிப்பதல்ல, போல்ட்டின் தண்டுக் கனத்தைக் குறிப்பது என்ற ரகசியம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நட்டுகள் இரண்டும் வந்துவிட்டன. போல்ட்டு வரவில்லை.

சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை. அடித்தேன், அசையவில்லை. பிறகு நடந்ததற்குப் பெயர் அடி அல்ல, யுத்தம். கால் மணி நேரத்தில் போல்ட்டின் முனை காளான் குடையைப்போல் விரிந்துவிட்டது. இனி அது துவாரத்துக்குள் நுழையவே நுழையாது! பக்கத்து வீட்டு நண்பர் வேடிக்கை பார்க்க வந்தவர், "பெரிய சம்மட்டி வேண்டும், ஸார்" என்று யோசனை சொன்னார்.

என் பெண் மெதுவாக, "கூடு உடைந்துவிட்டால் என்ன ஆகும், அப்பா?" என்று கேட்டாள்.

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். அந்த அலுமினியக் கூட்டிலேதான் எஞ்சின் நம்பர் பொறித்திருக்கிறது. தகப்பனார் பெயரில் உள்ள ஆர்.ஸி. புத்தகத்திலும் அதே நம்பர்தான். கூடு பிளந்துவிட்டால் வேறு கூடு வாங்கலாம். வேறு வண்டியாகத்தான் இருக்கும்.

பாயின் வருகை

மறுநாள் காலை, தகப்பனாரின் வண்டியை அந்தக் காலத்தில் பழுது பார்த்துவந்த மெக்கானிக் பாயைத் தேடிப் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர்; பட்டறையை மூடிப் பல வருஷமாயிற்று. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து, விரிந்த முனையைப் பார்த்தார்.

"இந்தக் காரியத்தைச் செய்த புண்ணியவான் யார்?"

"நான்தான், பாய்."

"வாத்தியார் ஸார், பையன்களுக்குப் பாடம் ஏறாவிட்டாலும் இப்படித்தான் செய்வீர்களோ?"

என் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாய் மரத்தூளில் உட்கார்ந்து, துவாரத்தின் விளிம்பில் விரலை ஓட்டி, வெள்ளைப் பொடியை எடுத்துக் காட்டினார். "இது இரும்புத் துரு இல்லை. இரும்பு சிவப்பாகக் கக்கும். இது அலுமினியம் கக்கியது. கடல் தண்ணீர் வேலை. போல்ட்டு உள்ளே துருப்பிடித்திருக்கிறது என்று நினைத்து அடித்தீர்கள். உண்மையில் துவாரம் அதை நெறிக்கிறது."

நான் பௌதிக உபாத்தியாயன். இதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது! 1800-ம் வருஷத்தில் வோல்டா என்ற இத்தாலிய விஞ்ஞானி இரண்டு வேறு உலோகத் தகடுகளுக்கு இடையில் உப்பு நீரில் நனைத்த துணியை வைத்து அடுக்கி மின்சாரம் உண்டாக்கினார் அல்லவா? எஃகுப் போல்ட்டு, அலுமினியத் துவாரம், நடுவில் கடல் நீர். எங்கள் கொட்டகையில் அதே மின்கலம் வருஷக்கணக்காக வேலை செய்திருக்கிறது. அத்தகைய கலத்தில் கரைவது அலுமினியம். கரைந்து உண்டாகும் வெண்பொடிக்கோ, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். இடம் ஏது? ஆகவே நாலு பக்கமும் போல்ட்டை நெருக்குகிறது. சுத்தியலால் முனையில் அடித்தால் முனை பருக்கும், பிடி தளராது.

மூன்று நாள் தவம்

பாய் முதலில் அரத்தை எடுத்து, விரிந்த முனையைச் சுற்றிலும் ராவி, தண்டின் கனத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு, ஆட்டோமாடிக் கியர் எண்ணெயும் அஸிடோனும் சம பங்காகக் கலந்து ஒரு புட்டியில் ஊற்றினார். நகப்பூச்சை அழிக்கப் பெண்கள் உபயோகிப்பதும் பெரும்பாலும் அந்த அஸிடோன்தான். இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் குலுக்கியே விடவேண்டும். மெல்லிய அஸிடோன் எண்ணெயைச் சந்துக்குள் இட்டுச் சென்றுவிட்டு, தான் ஆவியாகிவிடும்.

வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, காலையும் மாலையும் பத்துச் சொட்டு. மறுநாள் மறு பக்கம். ஒவ்வொரு தடவையும், சின்னச் சுத்தியலால் தகட்டின்மேல் கதவைத் தட்டுவதுபோல் இருபது தட்டு. தட்டினால் பொடியில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகி, அவற்றின் வழியே எண்ணெய் இறங்குமாம்.

இடையில் நண்பர் மறுபடி வந்து, ஸ்பானரின் பிடியில் நீளக் குழாயைச் செருகித் திருகலாமே என்றார். பிடி மூன்று மடங்கு நீண்டால் முறுக்கும் மூன்று மடங்கு என்பது கணக்குக்குச் சரிதான். ஆனால் அந்த முறுக்கில் விட்டுக்கொடுப்பது இறுகிய இடமாக இராது. மரை வெட்டியதால் மெலிந்த கழுத்தாக இருக்கும். கழுத்து முறிந்தால், துளைத்து எடுக்க வேண்டும். துளைக்கும் ஊசியோ கடினமான எஃகை விட்டு, மெதுவான அலுமினியத்தின் பக்கம் ஓடும். நண்பரைக் காப்பி கொடுத்து அனுப்பினோம்.

குண்டும் வளையமும்

நாலாம் நாள் பாய் காஸ் டார்ச்சுடன் வந்தார். பெட்ரோல் தொட்டியை முன்னமேயே கழற்றித் தெருவுக்கு அப்பால் வைத்தாயிற்று. எண்ணெய்ப் பசையெல்லாம் துடைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்தார். பிறகு, போல்ட்டின்மேல் படாமல், அதைச் சூழ்ந்த அலுமினியத்தின்மேல் ஜ்வாலையை மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஆட்டினார்.

"ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, பாப்பா. இரும்பு சிவந்து எச்சரிக்கை கொடுக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து, திடீரென்று உருகிவிடும்."

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குண்டும் வளையமும் என்ற பரிசோதனையை வருஷந்தோறும் வகுப்பில் செய்து காட்டுகிறேன். சூடேறிய குண்டு வளையத்தில் நுழையாது; வளையத்தையும் சூடாக்கினால் நுழைந்துவிடும். ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் தன் அளவில் பத்து லட்சத்தில் 23 பங்கு வளரும். எஃகு சுமார் 12 பங்குதான். நூறு டிகிரி ஏற்றினால், முக்கால் விரல் கனமுள்ள அந்தத் துவாரம் போல்ட்டைவிட ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அதிகமாக அகலும். தலைமயிர்க் கனத்தில் ஏழில் ஒரு பங்கு இருக்கலாம். அவ்வளவு போதும்! இருபது வருஷம் கரும்பலகையில் எழுதியது, சுத்தியலை எடுத்த கணத்தில் நினைவுக்கு வரவில்லை.

தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று பறக்கும் பதம் வந்ததும், பாய் ஒரு மெழுகுவர்த்தியைப் போல்ட்டின் விளிம்பில் தொட்டார். உருகிய மெழுகு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, சந்துக்குள் மறைந்தது. மரை கெடாத முனையில் இரண்டு நட்டுகளைப் போட்டு, ஒன்றோடொன்று நெருக்கிப் பூட்டி, ஸ்பானரை என் பெண்ணின் கையில் கொடுத்தார்.

"முதலில் எந்தப் பக்கம் திருப்பலாம் என்று தேடாதே, பாப்பா. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். இறுக்கிப் பார், தளர்த்திப் பார்."

'கிறீச்' என்று ஒரு சப்தம். எறும்பு நகரும் தூரம் அசைந்தது! திரும்பி வந்தது; இன்னும் சிறிது போயிற்று. எண்ணெய், மெழுகு, சூடு, மறுபடியும் எண்ணெய். கால் சுற்றுக்கு அரை மணி நேரம் பிடித்தது. முழுச் சுற்றுச் சுற்றிய பிறகு, எதிர்ப்புறத்தில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினார்கள். போல்ட்டு வெளியே வந்து மணலில் விழுந்தது. நடுப்பகுதி முழுவதும் வெள்ளையாகப் பூத்திருந்தது. 2004-ம் வருஷத்துக் கடல் அது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

சாக்குக்கட்டியின் தீர்ப்பு

ஆயினும் முக்கியமான விஷயம் பாக்கி இருந்தது. என் சுத்தியல் கூட்டில் கீறல் உண்டாக்கியிருக்குமோ? பாய் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்தார். "சாக்குக்கட்டி இருக்கிறதா, ஸார்?" என்றார். உபாத்தியாயர் சட்டைப் பையில் அது இல்லாமலா போகும்? பொடி செய்து மேலே பூசினோம். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

கால் மணி நேரம் காத்திருந்தோம். பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் மனநிலை எப்படியிருக்கும் என்பதை நான் அன்று நன்றாக அறிந்தேன்.

கோடு எதுவும் தோன்றவில்லை.

புதிய போல்ட்டுக்குப் பளபளப்பான 'ஸ்டெயின்லெஸ்' எஃகு வாங்கலாமா என்று கேட்டேன். உப்புக் காற்றில் அது அலுமினியத்தை இன்னும் அதிகமாகத் தின்னும் என்று பாய் தடுத்துவிட்டார். துத்தநாகம் பூசிய எஃகுப் போல்ட்டையே போட்டு, இறுகாமலிருக்கும் பசையைத் தாராளமாகத் தடவினார். "இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றி, துடைத்து, மறுபடி போடுங்கள். கழற்ற வேண்டிய அவசியம் வரும்போது கழற்றலாம் என்றிருந்தால், இந்தக் கதைதான்" என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார். "டாக்டர் ஐயா எங்கள் வீட்டு ஆட்டுக்கு வாங்கினாரா?" என்று கேட்டார்.

வண்டி இன்னும் ஓடவில்லை; பாதி வேலை பாக்கி இருக்கிறது. பழைய போல்ட்டு மாத்திரம் இப்பொழுது எங்கள் பள்ளிக்கூடச் சோதனைச் சாலையில், குண்டுக்கும் வளையத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. ஒரு முனை ஏன் நசுங்கியிருக்கிறது என்று மாணாக்கர்கள் கேட்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.