விற்பனையில் இல்லாத விண்டோஸ்: இறக்கிக் கொள்ளலாமா?

உறவினர் ஒருவர் தன் பழைய கம்ப்யூட்டரை உங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். கூடவே ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும், விண்டோஸ் 98 சிஸ்டத்தில் ஓடிக் கொண்டிருந்த ஒரு கணக்கு புரோகிராமும் வந்திருக்கின்றன. ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது. விண்டோஸ் சிடியில் கீறல் விழுந்து பாதியில் நிற்கிறது. கடையில் கேட்டால், "அதெல்லாம் நின்னு போய் எத்தனையோ வருஷம் ஆச்சு சார். நெட்ல சும்மா கிடைக்குது, இறக்கிக்கோங்க" என்பார்கள். தேடிப் பார்த்தால் கிடைக்கவும் செய்கிறது, சீரியல் எண்ணுடன்!

இது சரிதானா? விண்டோஸ் 10 தொகுப்பிற்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்து விட்டதால், பழைய சிஸ்டம் பற்றிய இந்தக் கேள்வி இனி பல வீடுகளில் எழும்.

பலரும் குழப்பிக் கொள்வது இங்கேதான். ஒரு நிறுவனம் சிஸ்டத்தை விற்பதை நிறுத்தலாம். பிறகு அதற்கான சப்போர்ட்டையும் நிறுத்தலாம். விண்டோஸ் 98க்கு அது 2006 ஜூலை 11லும், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8லும் நடந்தது. ஆனால் காப்புரிமை இவற்றோடு முடிவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனம் ஒன்று தன் ஊழியர்களைக் கொண்டு உருவாக்கிய படைப்புக்கு வெளியான நாளிலிருந்து 95 ஆண்டுகள் உரிமை உண்டு. 1998ல் வந்த விண்டோஸ் 98க்கு அது 2093 முடியும் வரை இருக்கும்! இணையத்தில் 'அபாண்டன்வேர்' என்று ஒரு பெயர் சூட்டி இவற்றை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கைவிடப்பட்ட சாப்ட்வேர் என்று பொருள். சட்டத்தில் அப்படி ஒரு வகை கிடையாது.

நம் நாட்டிலும் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு. லாப நோக்கமோ வியாபாரமோ இல்லையென்றால் சிறையைத் தவிர்த்து ரூ.50,000 வரை அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்திற்கு இடம் இருக்கிறது. வீட்டு உபயோகம்தானே என்பது தண்டனையைக் குறைக்கலாம். தவறை இல்லாமல் ஆக்காது.

"உரிமையாளரே மறந்துவிட்டாரே?" என்று கேட்கலாம். எப்போதும் அப்படி இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகெங்கும் பரவியபோது, சப்போர்ட் முடிந்து மூன்று ஆண்டு கடந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் பேட்ச் பைல் ஒன்றை வெளியிட்டது.

உரிமையாளர் யார் என்றே தெரியாமல் போவதும் உண்டு. இதற்கு நல்ல உதாரணம் சிபி/எம். 1974ல் கேரி கில்டால் எழுதிய இந்த சிஸ்டம்தான், டாஸ் வருவதற்கு முன் சிறிய கம்ப்யூட்டர்களில் கொடி கட்டிப் பறந்தது. அவருடைய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை 1991ல் நாவல் வாங்கியது. 1996ல் அந்தச் சொத்துகள் கால்டெரா நிறுவனத்திற்குப் போயின. பிறகு லினியோ. நிலத்திற்கு மூலப் பத்திரம் தேடி வில்லங்கம் பார்ப்பது போலத்தான் இதுவும். 2001ல் லினியோ சார்பில் பிரையன் ஸ்பார்க்ஸ், சிபி/எம் ஆர்வலர் ஒருவரின் இணைய தளத்திற்கு இவற்றை வழங்கிக் கொள்ள அனுமதி தந்தார். அதே ஆண்டில் அந்த ஆர்வலர் இறந்து போனார். அனுமதி அந்த ஒரு தளத்திற்கு மட்டுமா, எல்லோருக்குமா என்ற சந்தேகம் இருபது ஆண்டுகள் நீடித்தது. 2022 ஜூலையில் அதே ஸ்பார்க்ஸ், உரிமையை வைத்திருந்த டிஆர்டாஸ் நிறுவனத்தின் சார்பில், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம் என்று எழுதித் தந்தார். ஒரே ஒரு கடிதம்தான்! அதற்கு இத்தனை காலம்.

ஐபிஎம்மின் ஓஎஸ்/2 கதை வேறு. ஆரம்பத்தில் மைக்ரோசாப்டுடன் சேர்ந்து உருவாக்கப்பட்டதால் ஐபிஎம் மட்டும் நினைத்தால் அதைத் திறந்துவிட முடியாது. சப்போர்ட் 2006 இறுதியில் முடிந்தது. ஆனால் முறையாக உரிமம் பெற்ற வேறொரு நிறுவனம் 2017ல் ஆர்க்காஓஎஸ் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. செத்துப் போனதாக நினைத்து இலவசமாக எடுப்பவர், இன்றும் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒன்றின் மூலத்தை எடுக்கிறார்.

உங்கள் சிடிக்கு என்ன வழி?

உங்களிடம் ஒரிஜினல் சிடியும் ஸ்டிக்கரில் கீயும் இருக்கின்றன, கீறல்தான் பிரச்னை. நம் சட்டத்தின் 52வது பிரிவு, முறையாக வைத்திருப்பவர் தன் நகலிலிருந்து பேக்கப் எடுத்துக் கொள்ள அனுமதிக்கிறது. முகம் தெரியாத தளத்திலிருந்து இறக்குவதை அது சொல்லவில்லை. பணம் கொடுத்தவர் மீண்டும் அதையே பெறுவதில் நியாயக் குறைவு எதையும் நான் காணவில்லை. ஆனால் சட்டம் அந்த அளவுக்கு வரவில்லை என்பதைத் தெரிந்தே செய்ய வேண்டும். தவிர அந்த ஐஎஸ்ஓ பைலில் வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். நண்பரிடம் அதே பதிப்பின் சிடி இருந்தால், அதை இரவல் வாங்கி உங்கள் கீயுடன் இன்ஸ்டால் செய்வது இதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்று: கம்ப்யூட்டருடன் சேர்ந்து வந்த ஓஇஎம் பதிப்பு அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரியது. அதைப் புதிய கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் பாக்ஸ் வைத்து ஓட்டுவது கூடாது. தனியாகக் கடையில் வாங்கிய பதிப்பு என்றால், பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டு மாற்றிக் கொள்ளலாம்.

அதற்கெல்லாம் முன், அந்தக் கணக்கு புரோகிராம் உண்மையில் விண்டோஸ் புரோகிராம்தானா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் விண்டோஸ் 98க்குள் ஓடிய பல கணக்கு புரோகிராம்கள் கறுப்புத் திரை டாஸ் புரோகிராம்களே. அப்படியானால் ப்ரீடாஸ் போதும். மைக்ரோசாப்ட் டாஸைக் கைவிடப் போகிறது என்று தெரிந்ததும், 1994ல் ஜிம் ஹால் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் தொடங்கிய திட்டம் இது. இலவசம், முறையானது. பின்னாளில் மைக்ரோசாப்டே 2018ல் டாஸ் 1.25, 2.0 பதிப்புகளின் மூல வரிகளையும், 2024 ஏப்ரலில் 4.0 பதிப்பையும் திறந்த உரிமத்தில் கொடுத்தது. பலரும் பயன்படுத்திய 6.22 அதில் இல்லை.

எந்த பழைய விண்டோஸ் போட்டாலும் அந்தக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கேபிளைச் செருகாதீர்கள். வீட்டில் வேறு பழைய சிடிகள் இருந்தால், படிக்கும் நிலையில் இருக்கும்போதே ஐஎஸ்ஓ பைலாக மாற்றி, ஸ்டிக்கரில் உள்ள கீயை ஒரு நோட்டில் எழுதி வைத்து விடுங்கள். அந்த ஸ்டிக்கரில் முதலில் அழிவது எழுத்துகள்தான்.