செயற்கைப் புல்லுக்கு அடியில் களிமண் இருந்தால்...

கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத் தாமான்களில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் பழக்கமானது. மழை விட்டு இரண்டு மணி நேரமாகியும் வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்கும். புல் வேரழுகி மஞ்சளாகும். பிள்ளைகள் ஓடியாடும் இடம் சேறாகும். இதற்குத் தீர்வாகப் பலர் செயற்கைப் புல்லை நாடுகின்றனர். பழைய டயரையும் பிளாஸ்டிக் போத்தல்களையும் மறுசுழற்சி செய்து தயாரித்தது என்று கடைக்காரர் சொல்லிவிட்டால், சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்ற மனநிறைவும் சேர்ந்துகொள்கிறது.

ஆனால், ஓரிரு ஆண்டுகளில் அதே முற்றம் மேடும் பள்ளமுமாகி, வாடையும் அடிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் குற்றம் புல் விரிப்பில் இருப்பதில்லை. அதற்குக் கீழே உள்ள மண்ணைக் கவனிக்காமல் விட்டதே காரணம்.

ஏழு பீப்பாய் தண்ணீர்

களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. இத்தகைய துகள்கள் நெருங்கிக் கிடப்பதால் நீர் இறங்க வழியில்லை. செயற்கைப் புல் விரிப்பின் அடியில் வரிசையாகத் துளைகள் இருப்பதால் மழைநீர் நொடிப்பொழுதில் கீழே போய்விடும். அதற்கப்பால் களிமண் மறித்துக்கொள்ளும்.

20 அடிக்கு 15 அடி முற்றத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் மாலை நேரப் பெருமழை ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்வது அதிசயமல்ல. அப்படிப் பெய்தால் அந்தச் சிறு முற்றத்தில் மட்டும் சுமார் 1,400 லிட்டர் நீர் விழும். அதாவது 200 லிட்டர் பீப்பாய் ஏழு. களிமண்ணைத் தோண்டிக் கல்லை நிரப்பி மேலே புல்லை விரித்துவிட்டு, நீர் வெளியேற வழி வைக்காவிட்டால், அந்தக் குழி ஒரு தொட்டிதான்.

எனவே குத்தகையாளரை அழைக்கும் முன்பு வீட்டுக்காரரே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நீர் நிரப்ப வேண்டும். அது வடிந்த பின் மறுபடியும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். 2 செண்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் மண்ணை நம்பிப் பயனில்லை. குழாய் போட்டே ஆக வேண்டும்.

அடித்தளமே முக்கியம்

களிமண் முற்றத்தில் சுமார் 6 அங்குலம் தோண்டுவது நல்லது. மண் ஈரமாக இருக்கும்போது மிதிக்கவோ இயந்திரத்தால் அழுத்தவோ கூடாது. பிசைந்த மாவைப் போல் இறுகி மேலும் கெட்டுப்போகும். தோண்டிய தரை, வீட்டுச் சுவரிலிருந்து கால்வாயை நோக்கிச் சரிய வேண்டும். 15 அடிக்கு 2 அல்லது 3 அங்குலச் சரிவு போதும்.

அதன்மேல் நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்கப்படும். பணம் மிச்சம் என்று பலர் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். துணி இல்லாவிட்டால் மழைதோறும் களிமண் மேலேறிக் கற்களின் இடைவெளியை அடைத்துவிடும். துணியின் மேல், தாழ்வான ஓரத்தில் துளையிட்ட குழாயைப் பதித்து, வீட்டு வளாகத்துக் கால்வாயில் இணைக்க வேண்டும்.

அடுத்து கல். இங்கே குத்தகையாளர்கள் வழக்கமாகக் கொட்டுவது கிரஷர் ரன். சாலைக்கு அது அருமையான பொருள். கல்லும் தூளும் கலந்திருப்பதால் அழுத்தியவுடன் கெட்டிப்பட்டு நிற்கும். அந்தக் குணமே இங்கே பாதகம். நீர் எளிதில் இறங்காது. தூள் இல்லாத 20 மில்லிமீட்டர் கல்லை 4 அங்குலம் பரப்பி, மேலே ஓர் அங்குலம் சிறு கல் போட்டுச் சமப்படுத்துவதே பொருத்தம்.

சிமெண்டுத் தளம் போட்டு அதன்மேல் புல் ஒட்டுவதும் உண்டு. கடலோரக் களிமண் ஆண்டுக்காண்டு அமிழக்கூடியது. வீடு பைலிங்கில் நிற்கும், முற்றம் இறங்கும், தளம் பிளக்கும். கல் தளமாக இருந்தால் விரிப்பைத் தூக்கி, இறங்கிய இடத்தில் கல் சேர்த்துவிடலாம்.

மறுசுழற்சி எங்கே இருக்க வேண்டும்?

‘மறுசுழற்சி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் எந்தப் பாகம் என்று கேட்பது அவசியம். புல் இழை பெரும்பாலும் புதிய பாலிஎத்திலீனாகவே இருக்கும். பழைய பொருள் நன்றாகப் பயன்படுவது கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பகுதியில்தான். மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் செய்த வடிகால் தட்டுகளையும், மெத்தென்ற அடிவிரிப்புகளையும் தயங்காமல் பயன்படுத்தலாம். உடைத்த பழைய கான்கிரீட்டையும் கல்லுக்குப் பதிலாகப் போடலாம். ஆனால், தூளைக் கழுவிச் சலித்திருக்க வேண்டும். இல்லையேல் அந்தத் தூள் துணியையும் குழாயையும் அடைத்துவிடும்.

புல் இழைகளுக்கிடையே தூவும் டயர் ரப்பர் துகள் வேறு கதை. ரப்பர் விளைந்த மண்ணில் ரப்பரைக் குறை சொல்வதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால், இது பாலாக வடிந்த ரப்பரல்ல. கரிப்பொடி, துத்தநாகம், எண்ணெய் எல்லாம் சேர்ந்த டயர். பெருமழையில் துகள்கள் கால்வாய்க்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் போகின்றன. இத்தகைய நுண்பிளாஸ்டிக் நிரப்பிகளின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை விதித்தது. திடல்களுக்கு 2031 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. வீட்டு முற்றத்துக்கு அது தேவையே இல்லை. கழுவிய சிலிக்கா மணல் போதும்.

வெயிலும் கொசுவும்

இயற்கைப் புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கால் அது முடியாது. நேரடி வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. வெறுங்காலோடு ஓடும் குழந்தைக்கு இது சிறிய விஷயமல்ல. நீர் தெளித்தால் சூடு தணியும், ஆனால் சிறிது நேரத்துக்குத்தான். நிழல் இல்லாத முற்றமாக இருந்தால் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

குழாய் கால்வாயைச் சேரும் இடத்தில் இலையும் மண்ணும் அடைத்தால் நீர் தேங்கும். அங்கே ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டெடுக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் வேறு. வாரம் ஒருமுறை அந்த வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது என்போருக்கு ஒரு வழி: குழாயும் சரிவும் மட்டும் சரிசெய்து, மேலே மண் பரப்பி, கவ் கிராஸ் நட்டாலே பல முற்றங்கள் தேறிவிடும். களிமண்ணையும் பாதி நிழலையும் அது தாங்கும்.

செயற்கைப் புல்லேதான் வேண்டும் என்றால், விற்பவரிடம் கடைசியாக ஒன்றைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். விரிப்பு தேய்ந்துபோக எட்டு, பத்து ஆண்டுகள் ஆகலாம். இழை ஒரு பிளாஸ்டிக், அடித்துணி இன்னொன்று, பசை வேறு. இவற்றைப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால் பெரும்பாலானவை குப்பை மேட்டுக்கே போகின்றன. பழைய விரிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா, மாட்டாரா?