மீட்டர் முணுமுணுக்கிறது!

"ரீடிங் எடுக்க வந்திருக்கேம்மா!"

அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கேட் சாவியைத் தேடுகிறீர்கள். சாவி கிடைப்பதற்குள் பால் பொங்கிவிடுகிறது. இந்த அனுபவம் இல்லாத வீடு உண்டா?

ஆள் வராமலே மீட்டர் தன் கணக்கைத் தானே சொல்லிவிட்டால்? மின்சார மீட்டருக்கு அது பெரிய காரியமில்லை. மின்சாரம் கையிலேயே இருக்கிறது. தண்ணீர் மீட்டர்தான் பாவம்! குழிக்குள், மூடிக்கு அடியில் கிடக்கிறது. அதற்குத் துணை ஒரு சின்ன பாட்டரி. அது பத்து வருஷமாவது உழைக்க வேண்டும். செல்போனைப் போல் ராத்திரிக்கு ராத்திரி சார்ஜ் போட யார் குழிக்குள் இறங்குவது?

இதற்கு வழி தேடியவர்கள் பிரான்ஸ் தேசத்து நண்பர்கள் இருவர் - நிக்கோலா சோர்னின், ஒலிவியே செலர். 2009-ல் ஆரம்பித்த முயற்சி, கிரெனோபிள் நகரில் 'சிக்ளியோ' என்ற கம்பெனியாயிற்று. 2012-ல் அமெரிக்காவின் 'செம்டெக்' அதை விலைக்கு வாங்கியது. முறையின் பெயர் 'லோரா'. (பெண் பெயரல்ல, 'லாங் ரேஞ்ச்' என்பதன் சுருக்கம்!)

உரக்கக் கத்தினால் பாட்டரி தீர்ந்துவிடும். மெல்லப் பேசினால் இரைச்சலில் அமுங்கிவிடும். என்ன செய்வது? கச்சேரியில் ஆயிரம் பேச்சுக்கு நடுவே பாடகி கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே ஒரே இழுப்பாக ஒரு ஜாரு கொடுக்கிறார். எவ்வளவு மெலிதானாலும் பழகின காதுக்கு அது தப்புவதில்லை அல்லவா? லோராவின் ரேடியோ அலையும் அப்படித்தான் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. சோனாரிலும் ராடாரிலும் ஏற்கெனவே இருந்த வித்தைதான். ஐரோப்பாவில் பெரும்பாலும் 25 மில்லிவாட் சக்திதான். அரை வாட் இரவு விளக்கில் இருபதில் ஒரு பங்கு! அதிலேயே ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் போய்ச் சேருகிறது.

வேகம் மட்டும் ஆமை வேகம். கல்யாணப் போட்டோவெல்லாம் அதனால் அனுப்ப முடியாது. மீட்டருக்கு எதற்குப் போட்டோ? நாலு எண்ணைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும்.

ராத்திரி இரண்டு மணிக்கும் எண் ஏறுகிறதா? எங்கோ குழாய் கசிகிறது என்று அர்த்தம். ஆனால் அதே எண்கள், நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது பிறந்தகம் போனீர்கள் என்பதையும் சொல்லிவிடுமே! தெருவில் போகிறவன் ஒட்டுக்கேட்க முடியாது. சங்கேதத்தில் பூட்டித்தான் அனுப்புகிறது. சாவி யாரிடம் என்பதுதான் விஷயம். பிரான்சில் மின்சார மீட்டர்க் கணக்கு பற்றி இந்தச் சண்டை வந்தது. முறைப்படி சம்மதம் வாங்கவில்லை என்று, 2020-ல் இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு அங்குள்ள ஆணையம் நோட்டீஸ் விட்டது.

ஆகவே புது மீட்டர் மாட்ட ஆள் வந்தால், மணிக்கொரு கணக்கா, நாளுக்கொரு கணக்கா, அதை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். காபி அப்புறம் கொடுக்கலாம்!