முதலில் பாயிண்ட்டைப் பாருங்கள்

விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்ட தோட்டத்து லயங்களில், கோழி கூவுவதற்கு முன்பே கேட்டது கப்சாய் மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பும் சத்தம்தான். ஹோண்டா சூப்பர் கப் ஜப்பானில் 1958-ல் பிறந்தது. அந்தக் குடும்பத்தில் வந்த 72 சிசி சி70, மலேசியாவின் பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டுபவரின் வண்டியானது. சுங்கை சிப்புட், கோலகங்சார் செம்மண் பாதைகளில் ஆளையும் பால் வாளியையும் சேர்த்தே சுமந்தது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பிறகும் பல வீடுகளின் பின்கட்டில் அது நிற்கிறது. அப்பா ஓட்டிய வண்டியை மறுபடி கிளப்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அவர்கள் செய்யும் முதல் தவறு, எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்றுவது.

பழைய 6 வோல்ட் சி70-ல் தீப்பொறி பிறப்பது, இடப்பக்க ஃபிளைவீலுக்கு உள்ளே இருக்கும் பாயிண்ட் என்ற தொடுமுனை திறக்கும் அந்தக் கணத்தில். பாயிண்ட்டின் ஃபைபர் குதி ஓட ஓடத் தேய்கிறது. தேயத் தேய இடைவெளி குறைகிறது. பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது. பொறி விழும் நேரமான டைமிங் பின்னே போகிறது. இஞ்சின் சூடேறும், மேட்டில் திணறும். இது ஒரே நாளில் வருவதில்லை, ஓட்டுபவரின் கையும் அதற்குப் பழகிவிடும். ‘வண்டிக்கு வயசாயிடுச்சு’ என்று சொல்லிவிட்டு கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைத் திருகுவார்கள். நோய் ஒன்று, மருந்து வேறு.

பிளக்கைக் கழற்றி, அதன் உடலை இஞ்சினில் ஒட்டிவைத்து உதையுங்கள். பக்கத்தில் பெட்ரோல் இருக்கக்கூடாது. நீலப் பொறி பளிச்சென்று வந்தால் நல்லது. மஞ்சளாக மங்கினால் பாயிண்ட்டையும் கண்டென்சரையும் சந்தேகப்படுங்கள். பேராக்கின் ஈரக்காற்றில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பாயிண்ட் முகம் களிம்பேறியிருக்கும். மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைக்க வேண்டும். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர்.

டைமிங் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. பாயிண்ட்டுக்கு இடையில் சிகரெட் தாள் ஒன்றைச் செருகி, லேசாக இழுத்தபடி ஃபிளைவீலை இடஞ்சுழியாக மெல்லச் சுற்றுங்கள். ‘F’ கோடு இஞ்சின் உடலில் உள்ள குறிக்கு நேராக வரும்போது தாள் நழுவ வேண்டும். கோடு தாண்டிய பிறகு நழுவினால் டைமிங் பின்தங்கியிருக்கிறது. முன்பே நழுவினால் முந்தியிருக்கிறது. முந்திப்போன வண்டி உதைக்கும்போது காலைத் திருப்பி அடிக்கும். பின்னாளில் பாயிண்ட் இல்லாமல் வந்த சி.டி.ஐ. வண்டிகளில் இந்த வேலையே இல்லை.

பொறி சரியென்றால் மட்டும் கார்புரேட்டருக்கு வாருங்கள். சோக் போட்டால் ஓடி, எடுத்ததும் அணைந்தால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். நின்ற பெட்ரோல் பிசினாகிவிடும். வழிகுழாயில் பெட்ரோல் சொட்டினால் மிதவையையும் ஊசி வால்வையும் பாருங்கள். ஜெட்டுக்குள் கம்பியை மட்டும் விடாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் பிறகு எந்தத் திருகலுக்கும் அது அடங்காது. காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும்.

கடைசியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பிளக்கைப் பாருங்கள். கறுத்துப் புகைபடிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. ஈப்போ வெள்ளைக் காப்பியின் இளம்பழுப்பு நிறம் வந்திருந்தால் வேலை முடிந்தது.

பின்கட்டில் நிற்கும் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், அந்த ஃபிளைவீல் மூடியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.