காலையில் சிகிச்சை, மாலையில் வீடு

நிற்கவும் நடக்கவும், படியேறவும், தரையில் அமர்ந்து எழவும் நாம் ஓயாமல் வேலை வாங்கும் மூட்டு முழங்காலே. அதில் அறுவைச் சிகிச்சை என்றால், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை, ஊரிலிருந்து வந்து காத்துக் கிடக்கும் உறவினர், கஞ்சிப் பாத்திரம் ஆகிய காட்சிகளே நம்மவர் மனத்தில் எழும். இன்று பல சிகிச்சைகளில் அந்நிலை மாறிவிட்டது. காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் முறை பரவியிருக்கிறது. தில்லியில் அம்முறைப்படி சிகிச்சை பெற்றவன் என்ற முறையில், நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் எனக் கருதி இதை எழுதுகிறேன்.

பூட்டிக்கொண்ட மூட்டு

தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே, ஒவ்வொரு முழங்காலிலும் இரண்டு குருத்தெலும்புகள் பிறை வடிவில் அமைந்துள்ளன. உடலின் பாரத்தைப் பரப்பித் தாங்கும் மெத்தைகள் அவை. பூங்காவில் பிள்ளைகளோடு பந்தாடியபோது என் வலக்கால் ஊன்றியபடியே நிற்க, உடல் மட்டும் திரும்பிற்று. உட்புறப் பிறை நெடுக்காகக் கிழிந்து, கிழிந்த பகுதி மூட்டினுள் புரண்டு சிக்கிக்கொண்டது. காலை முழுதும் நீட்ட இயலவில்லை. எம்.ஆர்.ஐ. படமும் அதையே காட்டிற்று.

முழங்கால் வலி அனைத்திற்கும் அறுவை வேண்டுவதில்லை என்பதை டாக்டர் முதலிலேயே தெளிவாக்கினார். வயதினால் தேய்ந்து கிழிந்த குருத்தெலும்பு உடையவர்களைக் கொண்டு பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்குக் கிழிந்த பகுதி நீக்கப்பட்டது. மற்றொரு சாராருக்கு உள்ளே நோக்கிய பின், நீக்கியதுபோன்ற பாவனை மட்டுமே செய்யப்பட்டது. ஓராண்டு கழிந்தபின் இரு சாராரின் நலத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அத்தகையோர்க்கு உடற்பயிற்சியே முதல் மருந்து. என் மூட்டோ பூட்டிக்கொண்டிருந்தது. அதை விடுவித்தே தீரவேண்டும்.

வெட்டுவதா, தைப்பதா?

இங்கேதான் எங்கள் கவலை தொடங்கிற்று. கிழிந்த பகுதியை வெட்டி நீக்கினால் சில நாட்களில் நடமாடலாம். ஆனால் மெத்தை குறைந்த மூட்டு பிற்காலத்தில் தேய்ந்து போக இடமுண்டு. தைத்தால் மெத்தை நிலைக்கும். ஆனால் ஆறு வாரம் கோலூன்ற வேண்டும். தையல் பிடிக்காமற் போவதும் உண்டு. பிறையின் வெளி விளிம்பில்தான் இரத்த ஓட்டம் உள்ளது. ஆதலால் அப்பகுதிக் கிழிசலே நன்கு கூடும். உள்ளே நேரில் கண்ட பிறகே முடிவு செய்ய இயலும் என்றும், இரண்டிற்கும் முன்னதாகவே சம்மதம் தரவேண்டும் என்றும் டாக்டர் கூறினார்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி; லிஃப்ட் இல்லை. எனக்கோ தனியார் கம்பெனி உத்தியோகம். விடுப்பு நாட்கள் எண்ணிக் கொடுக்கப்படுபவை. மனைவியும் வேலைக்குச் செல்பவள். “ஊருக்கு வந்துவிடப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று திருநெல்வேலியிலிருந்து அம்மா அழைத்தார்கள். நீளாத காலுடன் இரண்டு இரவு ரயிலில் எவ்வாறு செல்வது? வெட்டிவிடும்படியே சொல்லிவிடலாமா என்று நான் தயங்கியபோது என் மனைவி, “ஆறு வாரம் நாம் சமாளித்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் முப்பது வருஷம் அந்தக் காலோடு நடக்க வேண்டியவர் நீங்கள்” என்றாள். இரண்டிற்கும் கையெழுத்திட்டேன்.

அந்த நாள்

முந்திய இரவோடு உணவு நின்றது. சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் முன்வரை வெறும் நீர் பருக அனுமதி இருந்தது. காலை ஏழு மணிக்குச் சென்றோம். எந்தக் கால் என்று என்னையே கேட்டு, வலக்காலில் மையால் குறியிட்டார்கள். முதுகின் கீழ்ப்புறம் ஓர் ஊசி. சிறிது நேரத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்வு அகன்றது. மயக்கம் இல்லை, ஆகவே திரையில் என் மூட்டின் உட்புறத்தை நானே கண்டேன். தெளிந்த நீரின் அடியில் வெண்சங்கின் உட்புறம்போல் எலும்புகள் பளபளத்தன. அவற்றிடையே நைந்த துணிபோல் அந்தக் கிழிசல் கிடந்தது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு துளைகள். ஒன்றில் காமிராக் குழல், மற்றொன்றில் கருவி. “விளிம்புக்கு அருகில்தான் இருக்கிறது, தைத்துவிடலாம்” என்ற குரல் கேட்டது. மகிழ்வதா, மூன்று மாடிப் படிகளை எண்ணுவதா என்று தெரியாமல் படுத்திருந்தேன்.

இவ்விடத்தில் சிலரை நன்றியுடன் நினைத்தல் தகும். 1918-இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்பவர், சிறுநீர்ப்பையை நோக்கும் குழலைக் கொண்டு, இறந்தவர் ஒருவரின் முழங்காலினுள் நோக்கினார். அவர் வழிவந்த மசாகி வதனபே 1962-இல் இம்முறையில் கிழிந்த குருத்தெலும்பை நீக்கினார். அன்றே வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் புதிதன்று. கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கால் என்னும் மருத்துவர் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அவ்வாறே சிகிச்சை செய்து, தாயின் கவனிப்பே நலம் என்று 1909-இல் எழுதினார்.

வீடே வார்டு

மாலையில் கால்களில் உணர்வு மீண்டு, சிறுநீர் கழித்து, கோலூன்றிச் சில அடி நடந்த பின்னரே விடை தந்தார்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுற்ற கால் முதலில் என்று பயிற்றுவித்தார்கள். ஆயினும் அன்று படியேற நேரவில்லை. கீழ்த்தளத்துப் பஞ்சாபி அம்மையார் தம் முன்னறையை ஒழித்து வைத்திருந்தார். “கால் தேறும்வரை இது உன் வீடு, பேட்டா” என்றார். இரண்டு வாரம் அங்கேயே இருந்தேன்.

ஊசியின் பலன் நீங்கிய முதல் இரவே கடினமானது. வலி முற்றும் முன்பே மாத்திரை உண்ணவேண்டும் என்பதை அன்று அறிந்தேன். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வைத்தல், பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தல் ஆகியவை மறுநாள் முதல் கடமைகள் ஆயின.

இம்முறையை மேற்கொள்வோர் சிலவற்றை முன்னரே ஆயத்தம் செய்தல் நன்று. முதல் 24 மணி நேரம் பொறுப்புள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும். குந்தி அமரும் கழிப்பறை உதவாது. உயரமான இருக்கை தேவை. காப்புறுதி உள்ளவர்கள், 24 மணி நேரத்துக்குக் குறைந்த இச்சிகிச்சைக்குப் பணம் உண்டா என்று எழுத்து மூலம் கேட்டுக்கொள்க. கெண்டைக்கால் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், காய்ச்சல், காயத்தில் சீழ் ஆகியவற்றுள் எது தோன்றினும் நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குச் செல்க. காலை வரை பொறுக்கலாகாது.

ஆறு வாரம் கழிந்து கோல்களை விட்டேன். இப்போது கால் முழுதும் நீள்கிறது. சம்மணமிட இன்னும் அனுமதி இல்லை.

மருத்துவமனை ஒரே நாளில் விடை கொடுத்துவிடுகிறது. எஞ்சிய நாட்களின் பாரம் வீட்டின் மேல் விழுகிறது. சுற்றத்தார் ஆயிரம் மைல்களுக்கு அப்பால் உள்ள நமக்கு அப்பாரம் பெரிது. கீழ்த்தளத்தில் ஓர் அறை தரக்கூடியவர், ஓர் இரவு துணையிருக்கக்கூடியவர், கோல்களை இரவல் தரக்கூடியவர் ஆகியோரின் பெயர்களைச் சங்கம் ஓர் ஏட்டில் குறித்து வைத்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவும். அவ்வேட்டில் முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். என் இரு கோல்களும் ஆயத்தமாக உள்ளன.